இருமல் மருந்துப் போத்தலில் வந்த தேன்

உ

ஸ்டுட்கார்ட்
3 மார்ச் 2024

அன்பின் மச்சான் ஸ்ரீதரனுக்கு,

சோதிலிங்கம் எழுதுவது. நீரும் என் தங்கச்சி புஸ்பமும் கெல்சென்கிர்ச்சன் மழைக்குள் தடிமன் காய்ச்சல் பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தைக் கேட்டால், பாதிச் சுகம் என்று வைத்துக்கொள்ளும். தொண்டையில் இருந்த கட்டி போய்விட்டது. கதிர்வீச்சு வைத்து எரித்ததில் குரலும் கூடவே போய்விட்டது. போனில் நான் கதைத்தால் பழைய கதவு திறக்கிற சத்தம்தான் உமக்குக் கேட்கும். வாட்ஸ்அப்பில் எழுதினால் வைதேகி தோளுக்கு மேலால் எட்டி வாசிக்கிறாள். கட்டின மனுசிக்கு எதையும் மறைக்க ஏலாது. அதனால்தான் இந்தக் காலத்தில் முத்திரை ஒட்டிக் கடிதம்.

குரல் போனதுகூடப் பரவாயில்லை. நாக்கு போய்விட்டது மச்சான். வாய்க்குள் இருக்கிறது, வேலைதான் செய்யவில்லை. எந்தக் கலியாண வீடென்றாலும் முதலில் சமையலறைக்குள் நுழைந்து, பானையைத் திறந்து, உப்புக் காணாது, புளி கூடிப்போச்சு என்று சொல்லிவிட்டு வருகிற ஆள் நான். இப்போது சொதியும் ஒன்றுதான், வெந்நீரும் ஒன்றுதான். கத்தரிக்காய்க் குழம்பு ஈரக் கடதாசி மாதிரி இருக்கிறது. சில பேருக்கு ருசி திரும்புமாம், சில பேருக்குத் திரும்பாதாம். டொக்டர் அம்மாவுக்கு என் நாக்கில் அக்கறை இல்லை, நிறையில்தான் அக்கறை. ஐம்பது கிலோவுக்குக் கீழே போனால் வயிற்றில் துளை போட்டு ரியூப் வழியாகச் சாப்பாடு என்கிறார். அதை விடும். நான் எழுத வந்தது வேறு விசயம்.

கிளினிக்கில் பக்கத்துக் கட்டிலில் அல்கிஸ் என்று ஒரு லித்துவேனியாக்காரர் இருந்தார். சுவருக்குச் சாந்து பூசுகிற வேலை. எனக்கு வந்த அதே தொண்டை வருத்தம், அதே கதிர், அதே குரல், அதே நாக்கு. அவருடைய நாட்டில் தேனைக் காய்ச்சி, வாசனைச் சரக்குகள் போட்டு, கடும் சாராயத்தில் ஊற்றி ஒரு பானம் செய்வார்களாம். கிருப்னிகாஸ் என்று பெயர். அவர் வருசா வருசம் செய்கிறவர். போன முறை புதிதாக ஒரு சாமானையும் சேர்த்தாராம். அது ஊறி முடிவதற்குள் வருத்தம் வந்துவிட்டது. ஆகவே இன்றுவரை அதை உலகத்தில் ஒருவரும் ருசி பார்க்கவில்லை. செய்த ஆளுக்கே தெரியாது! என்ன சாமான் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, ருசித்துக் கண்டுபிடி என்றார். வீட்டுக்குப் போகிற நாளில் ஒரு போத்தல் தந்தார். எங்கள் இரண்டு பேரில் யாருடைய நாக்கு முதலில் திரும்புகிறதோ, அவர் மற்றவருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தம்.

எனக்குப் பொறுக்க முடியவில்லை. அதனால் கொஞ்சத்தை இருமல் மருந்துப் போத்தலில் ஊற்றி, அடுத்த கிழமை உங்கள் பக்கம் கலியாணத்துக்கு வருகிற பக்கத்து வீட்டு நிசாந்திடம் கொடுத்துவிடுகிறேன். ஒரு மிடறு குடித்துப் பார்த்து, என்ன ருசி என்று விளக்கமாக எழுதும். புஸ்பத்துக்குத் தெரிய வேண்டாம்.

உம்முடைய நாக்கை நம்பியிருக்கும்,
சோதிலிங்கம்


கெல்சென்கிர்ச்சன்
17 மார்ச் 2024

அன்பின் மச்சானுக்கு,

உமது கடிதம் கிடைத்தது. இங்கே இருவரும் சுகம். புஸ்பத்துக்கு மட்டும் வழக்கமான வறட்டு இருமல். போத்தலும் பத்திரமாக வந்தது. நிசாந் அதைக் கையில் தந்து, "மாமா, இருமலுக்கு நல்லதாம்" என்று கண்ணடித்துவிட்டுப் போனான்.

மச்சான், நான் குடிக்கிறதில்லை என்று உமக்குத் தெரியும். பெரிய பக்தி என்று நினைக்க வேண்டாம். கலியாண மண்டபத்தில் தாலி கட்டி முடிந்ததும் எங்கள் ஆம்பிளைகள் ஒவ்வொருவராக நழுவிக் கார் நிற்பாட்டுகிற இடத்துக்குப் போவார்களே, அங்கே டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்களே, அந்த டிக்கி மூடின பிறகு எல்லாரையும் ஏற்றி வீடு வீடாக இறக்குகிறது யார்? நான்தான். இந்த முறையும் ஐந்து பேர். ஒருவர் டோர்ட்முண்ட் வரும்வரை பாடிக்கொண்டே வந்தார். கிழமை நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பஸ், சனி ஞாயிறில் இந்தப் பெரிய பிள்ளைகள். நானும் குடித்தால் யார் ஓட்டுகிறது?

போத்தலை அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வேறு ஆள் பாரும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுகிறீர் என்று நீர் எழுதவில்லை. நிறை இப்போது என்ன? அதை மறக்காமல் எழுதும்.

உமது சுகத்தை வேண்டும்,
ஸ்ரீதரன்


ஸ்டுட்கார்ட்
25 மார்ச் 2024

மச்சான்,

சுகம் விசாரித்ததற்கு நன்றி. நீர் கேட்ட மற்றக் கேள்வியை வைதேகி காலையில் எழும்பினதும் கேட்கிறாள். அதற்கு ஒரு ஆள் போதும்.

டிக்கி திறக்கிற ஆட்களிடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று உமக்குத் தெரியாதா? அண்ணாந்து ஊற்றிவிட்டு, முகத்தைச் சுளித்து, மிக்சரை அள்ளி வாயில் போடுவார்கள். என்ன ருசி என்று கேட்டால் "நல்ல சாமான்" என்பார்கள். எனக்குத் தேவை பழுதாகாத நாக்கு. மிளகாய்த்தூளை நுனிநாக்கில் வைத்து எந்தக் கடையில் வாங்கினது என்று சொல்கிற ஒருவரை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் பஸ் இல்லை என்பதும் தெரியும்.

தேன் முன்னுக்கு வருமா, பின்னுக்கு வருமா? எரியுமா? எரிந்த பிறகு வாயில் என்ன மிஞ்சும்? படுத்தாலும் இதே யோசனை. வேறு பசி எனக்கு இல்லை மச்சான். இந்தப் பசிக்காவது சாப்பாடு போடும்.

தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
சோதி


கெல்சென்கிர்ச்சன்
14 ஏப்ரல் 2024

அன்பின் மச்சானுக்கு,

புதுவருச வாழ்த்துகள். காலையில் மருத்துநீர் வைத்து முழுகி, கோயிலுக்கும் போய் வந்தோம். உம்முடைய பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்தோம்.

சரி, நீர் கேட்டதற்கு வருகிறேன். மூடியைத் திறந்ததும் முதலில் தேன். கடையில் விற்கிற வெளிர்த் தேன் இல்லை, நல்ல கறுத்தத் தேன். அதற்குப் பின்னால் கராம்பு. சும்மா கராம்பு இல்லை, நெய்யில் பொரித்தெடுத்த மாதிரி. பிறகு கறுவாப் பட்டை. ஏலக்காய் கதவுக்குப் பின்னால் நிற்கிற பொம்பிளை மாதிரி, இருக்கிறது, ஆனால் வெளியே வரவில்லை. சாதிக்காயும் கொஞ்சம். கடைசியில் ஒரு காய்ந்த தோடம்பழத் தோல். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், மழை நாளில் யாரோ பக்கத்து வீட்டில் சர்க்கரைப் பொங்கல் பொங்கி அதற்குள் டொக்டரின் ஸ்பிரிட்டைச் சிந்திவிட்ட மாதிரி. தொண்டைக்குக் கட்டாயம் சூடாகத்தான் இருக்கும்.

போதுமா? இனி ஒழுங்காகச் சாப்பிடும்.

அன்புடன்,
ஸ்ரீதரன்


ஸ்டுட்கார்ட்
5 மே 2024

என் தங்கமான மச்சான்,

நீர் நல்லாயிருக்க வேண்டும். உம்முடைய வீடும் பஸ்ஸும் நல்லாயிருக்க வேண்டும். உமது கடிதத்தை மேசையில் விரித்து வைத்து, அதைத் தொட்டுக்கொண்டு இடியப்பம் தின்றேன். கராம்பு என்ற இடத்தில் ஒரு வாய், கறுவா என்ற இடத்தில் ஒரு வாய். வைதேகி கதவில் நின்று பார்த்துவிட்டுப் போனாள். இந்த இரண்டு கிழமையாக அப்படித்தான் சாப்பாடு.

அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து அல்கிஸுக்கு அனுப்பினேன். ஏலக்காயைப் பற்றி நீர் எழுதினதை வாசித்து அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். எழுதினது எல்லாம் சரியாம். ஆனால் புதிதாகப் போட்ட அந்த ஒரு சாமான் இதில் இல்லையாம். குடித்த ஒருவர் அதைத் தவறவிட ஏலாது என்கிறார். ஆகவே இன்னொரு மிடறு குடித்து, மறந்ததை எழுதும்.

போன கிழமை கிளினிக்கில் என் நாக்கைச் சோதித்தார்கள். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று நான்கு விதக் காகிதப் பட்டி. ஒவ்வொன்றாக நாக்கில் வைத்தார்கள். நாலும் காகிதம்தான். பரவாயில்லை, எனக்கு உம்முடைய நாக்கு இருக்கிறது.

நன்றியுடன்,
சோதி


கெல்சென்கிர்ச்சன்
16 ஜூன் 2024

அன்பின் மச்சானுக்கு,

சுகமாய் இருப்பீர் என்று நினைக்கிறேன். பதில் சுணங்கிவிட்டது, குறை நினைக்க வேண்டாம். பஸ்ஸில் ஒரு சாரதி விடுமுறை, அவருடைய வேலையும் என் தலையில். அதோடு கோயில் திருவிழா வேறு. தேர் அன்று சரியான மழை.

அந்தச் சாமான் பெருஞ்சீரகமாக இருக்கலாம். இல்லாவிட்டால் வேர்க்கொம்பு, அதுதான் சுக்கு. உம்முடைய லித்துவேனியாக்காரர் சும்மா விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைக்கிறேன். இதைப் பெரிதாக எடுக்காமல் உடம்பைப் பாரும்.

அவசரத்தில்,
ஸ்ரீதரன்


கெல்சென்கிர்ச்சன்
30 ஜூன் 2024

பாசமுள்ள அண்ணைக்கு,

தங்கச்சி புஸ்பம் எழுதுகிறேன். நான் சுகம். இருமல்கூட இல்லை. அந்த இருமல் போன கதையைத்தான் எழுதப்போகிறேன்.

வியாழக்கிழமை அரிசி எடுக்கப் போனேன். மூட்டைக்குப் பின்னால் ஒரு இருமல் மருந்துப் போத்தல். இந்த மனுசன் எதையும் இடம் மாற்றி வைக்கிற ஆள்தானே என்று நினைத்து, பெரிய கரண்டியால் இரண்டு கரண்டி ஊற்றி மளமளவென்று குடித்துவிட்டேன். அண்ணை, காது இரண்டும் சுட்டது. கண்ணால் தண்ணீர் ஓடியது. பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டேன். அவர் வேலையால் வந்ததும் போத்தலை மேசையில் வைத்தேன்.

"இஞ்சாருங்கோ, உதென்ன?"

"அது... உன்ர அண்ணையின்ர சாமான்."

"நீங்கள் குடிச்சனீங்களோ?"

"இல்லையப்பா. மணந்துதான் பாத்தனான். மணக்கிறது குடிக்கிறதில்லைத்தானே?"

பிறகு உங்கள் கடிதங்களையும் எடுத்துத் தந்து முழுக்கதையும் சொன்னார். இரண்டு மாதமாக உங்களை ஏமாற்றியிருக்கிறார். அந்தக் கடிதம் முழுக்க மூக்கால் எழுதினது. நான் நல்ல பேச்சுக் கொடுத்திருக்கிறேன், நீங்கள் தனியாகப் பேசத் தேவையில்லை.

சொல்லாமல் விட மனமில்லை, சாமான் நல்லாய்த்தான் இருந்தது. முதலில் தேன். பிறகு ஒரே எரிவு. எரிவு அடங்கினதும் அவர் எழுதின கராம்பும் கறுவாவும் வருகிறது. எல்லாம் போன பிறகு, கடைசியாக, நாக்குத் துவர்த்தது. பிஞ்சு வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தால் வாய் சுருங்குமே, அப்படி. தேயிலையை ஊறப்போட்டு மறந்துவிட்டுக் குடித்தால் பல்லில் ஒட்டுமே, அப்படி. கன நேரமாக அது போகவில்லை. அந்த லித்துவேனிய அண்ணை போட்ட சாமான் எதுவென்று எனக்குத் தெரியாது. ஆனால் துவர்ப்பு அதில்தான் வருகிறது, கேட்டுப் பாருங்கோ.

இனி என் கோபம். மச்சாளுக்குப் போன் எடுத்தேன். நிறை ஐம்பத்தொன்றாம். கஞ்சியைப் பூச்சாடிக்குள் ஊற்றுகிறீர்களாம், மணிபிளான்ட் அழுகிச் செத்துவிட்டதாம். ஏன் அண்ணை எனக்குச் சொல்லவில்லை? குடிக்கிற விசயத்தை மறைத்தால் பரவாயில்லை, இதை மறைக்கலாமா? நான் அழுதேன். எனக்கு இருக்கிறது ஒரு அண்ணை.

சாப்பிடுங்கோ. ருசி இல்லாவிட்டாலும் சாப்பிடுங்கோ.

உங்கள் தங்கச்சி,
புஸ்பம்


ஸ்டுட்கார்ட்
7 ஜூலை 2024

திரு. ஸ்ரீதரன் அவர்களுக்கு,

அல்கிஸ் சேர்த்த சாமான் ஓக் மரத்துக் கொட்டை. வறுத்து இடித்துப் போட்டாராம், துவர்ப்பு அதிலிருந்துதானாம். இரண்டு கரண்டி குடித்த என் தங்கச்சி கண்டுபிடித்துவிட்டாள்.

உமது கடிதத்தைத் தொட்டுக்கொண்டு நான் சாப்பிட்டேன். ஒரு மனிசன் எனக்காகக் குடித்து, எனக்காக ருசித்து எழுதியிருக்கிறான் என்று நினைத்துத்தான் அந்த வாய் இறங்கியது. நேற்று அதையே விரித்து வைத்துப் பார்த்தேன். இறங்கவில்லை.

நிறை ஐம்பதுக்குக் கீழே வந்துவிட்டது. ஆகஸ்ட் 5 ரியூப் வைக்க டெர்மின், நாள் குறித்துவிட்டார்கள். வைத்துவிடட்டும், எனக்கும் களைத்துவிட்டது. இனி ருசியைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். தங்கச்சியைக் கவனமாகப் பாரும்.

சோதிலிங்கம்


கெல்சென்கிர்ச்சன்
14 ஜூலை 2024

அன்பின் மச்சானுக்கு,

எழுத வேண்டாம் என்றீர். எழுதுகிறேன். வாசித்துவிட்டுக் கிழித்துப் போடும்.

இன்று ஞாயிறு. மத்தியானம் சாப்பாட்டுக்கு முதல் கார்ச் சாவியைப் புஸ்பத்தின் கையில் கொடுத்தேன். "என்னத்துக்கு?" என்றாள். "இண்டைக்கு நான் ஓட்டேல்லை" என்றேன். பிறகு அவளை முன்னால் இருத்தி வைத்துக்கொண்டு குடித்தேன். உண்மையாகக் குடித்தேன்.

முதல் மிடறில் ஒரு ருசியும் இல்லை மச்சான், நெருப்புத்தான். மூக்கால் எழுதுகிறது சுகம், வாயால் எழுதுகிறது கஷ்டம் என்று அப்போது விளங்கியது. இரண்டாவது மிடறில் தேன் தெரிந்தது, கராம்பு தெரிந்தது, கடைசியில் புஸ்பம் சொன்ன துவர்ப்பு. அப்போது எனக்கு ஒரு யோசனை. நான் மணந்தேன் என்று கொண்டுபோய் மாட்டிவிட்டாளே, அந்த மூக்கைப் பொத்திவிட்டுக் குடித்தால் என்ன மிஞ்சும்? இறுக்கிப் பொத்திக்கொண்டு மூன்றாவது மிடறு குடித்தேன்.

கராம்பு ஓடிவிட்டது. கறுவா, ஏலக்காய், தோடம்பழத் தோல், ஒன்றும் இல்லை. நான் பெருமையாக உமக்கு எழுதின அவ்வளவும் போய்விட்டது. துவர்ப்பு மட்டும் போகவில்லை. நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். அது ருசியே இல்லை மச்சான், பிடி. யாரோ நாக்கின் தோலை நுள்ளிப் பிடிக்கிற மாதிரி.

இப்போது கேட்கிறேன், கோபிக்காமல் பதில் சொல்லும். சுடுசோறு சுடுகிறது உமக்குத் தெரிகிறதா? மீன் முள் குத்தினால் தெரிகிறதா? தெரியும்தானே? அப்படியென்றால் இந்தப் பிடி ஏன் தெரியாது? டொக்டர் வைத்த பட்டி இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு. துவர்ப்புக்குப் பட்டி வைத்தார்களா? உம்முடைய நாக்கை அவர்கள் முழுக்கக் கேட்கவில்லை மச்சான். டொக்டர் அம்மாவிடம் கேட்டு, அவர் ஓம் என்றால் மட்டும், ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரில் கலந்து வைத்துப் பாரும். ஐந்தாம் திகதிக்கு முன்னம் பாரும்.

முன்னம் செய்தது பிழை. மன்னியும். நீர் சாப்பிட வேண்டும் என்றுதான் எழுதினேன், பொய் எழுதுகிறேன் என்று நினைக்கவில்லை.

மிச்சத்தைப் புஸ்பம் எழுதச் சொன்னாள்: அதற்குப் பிறகு நான் சோபாவில் படுத்து ஐந்து மணிவரை பாடினேனாம்.

என்றும் உம்முடைய,
ஸ்ரீதரன்


ஸ்டுட்கார்ட்
28 ஜூலை 2024

அன்பின் மச்சானுக்கும் என் தங்கச்சிக்கும்,

கடவுள் புண்ணியத்தில் இரண்டு பேரும் சுகமாய் இருப்பீர்கள். நான் எப்படி இருக்கிறேன் என்பதை ஆறுதலாகச் சொல்கிறேன், பொறுங்கோ.

கடிதத்தை இரண்டு நாள் வாசிக்காமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் வைதேகி உடைத்து வாசித்து, என்னிடம் கேட்காமலே டொக்டர் அம்மாவுக்குப் போன் பண்ணிவிட்டாள். அவர் சிரித்தாராம். ஒரு கரண்டி தண்ணீருக்கு ஒரு சொட்டு, அதற்கு மேல் கேட்டால் எனக்குக் காது கேளாது என்றாராம். வைதேகி கண் மருந்து விடுகிற குழாயைக் கழுவி, ஒரு சொட்டுப் போட்டு, குழந்தைக்குப் பருக்குகிற மாதிரிப் பருக்கினாள்.

தேன் இல்லை. இனிப்பு இல்லை. கராம்பும் இல்லை. எதிர்பார்த்ததுதான். கரண்டியைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் அதைக் கழுவப் போகிறாள், அப்போது நாக்கு சுருங்கியது. நடுவில் இல்லை, இரண்டு ஓரமும். உள்ளுக்கு இழுத்தது. நான் அசையாமல் இருந்தேன், அசைந்தால் போய்விடுமோ என்ற பயம். போகவில்லை. "வைதேகி, பிடிக்குது! பிடிக்குது!" என்று கத்தினேன். பழைய கதவுதான் திறந்தது, ஆனால் அவளுக்கு விளங்கிவிட்டது. கரண்டியைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு அங்கேயே நின்று அழுதாள். நானும் அழுதேன். வெட்கமில்லை.

உமக்குக் கடும் நன்றி மச்சான். உம்மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது, மிச்சம் நான் மூத்தவன் என்ற மரியாதைக்கு இருக்கட்டும்.

ருசி திரும்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நாலு பட்டியும் இன்னும் காகிதம்தான். ஆனால் வாய்க்குள் ஒன்று நடக்கிறது என்று தெரிந்ததும் மனம் வேறு மாதிரி ஆகிவிட்டது. மாதுளம்பழம் தின்றேன், பிடித்தது. சாயம் கூடின பிளேன்டீ, பிடித்தது. தமிழ்க் கடையில் வாழைப்பூ வாங்கி வைதேகி வறுத்தாள். சோற்றோடு ஒரு கோப்பை முழுக்கத் தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். பூச்சாடிக்குப் புது மணிபிளான்ட் வாங்கியாயிற்று, அது பிழைத்துக்கொள்ளும். நிறை ஐம்பதைத் தொட்டு நிற்கிறது. டொக்டர் அம்மா ஐந்தாம் திகதி டெர்மினை ஒரு மாதம் தள்ளிப் போட்டுவிட்டார். தள்ளித்தான் போட்டார், எடுத்துவிடவில்லை. ஒரு மாதம் போதும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

அல்கிஸுக்கு அன்றே எழுதினேன். அவரும் தன் போத்தலில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் எடுத்தார். இரண்டு பேருக்கும் குரல் இல்லை. ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்டது, அவ்வளவுதான். சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கியது. நான் சிரிக்கிறேன் என்று அவருக்கும் விளங்கியிருக்கும்.

தங்கச்சி, உங்கள் பக்கக் கடையில் நல்ல வாழைப்பூ வருமாம். வருகிற சனிக்கிழமை ஒரு பெட்டி கொண்டு வா. அல்கிஸையும் கூப்பிட்டிருக்கிறேன், அவர் போத்தலோடு வருகிறார். மச்சான், டிக்கி திறக்கத் தேவையில்லை, என் வீட்டு மேசையில் இருந்து குடிக்கலாம். வரும்போது புஸ்பம் ஓட்டட்டும். போகும்போதும் அவளே ஓட்டட்டும்.

வாசலைப் பார்த்திருக்கும்,
சோதிலிங்கம்